இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதாதபோது
இரைப்பையில் கசியும் ரத்தமும் எண்டோஸ்கோப்பி சிகிச்சையும்

வாரம் ஒரு நாள் மாணவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரையைக் கண்முன்னே மென்று விழுங்க வைக்கிறோம். சுகாதாரத் துறைக்கு வெளியே 'ரத்தசோகை' என்ற சொல்லை ஆசிரியர்களைப் போல அடிக்கடி பயன்படுத்துபவர்கள் குறைவு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது இரண்டு பேரில் ஒருவர். அவர் நம் மாணவியின் தாயாக இருக்கலாம், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவராக இருக்கலாம், ஆசிரியர் அறையில் நமக்கு எதிரே அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

இப்படிப் பரவலாக இருப்பதாலேயே ஒரு சிக்கல் வருகிறது. "சாப்பாடு சரியில்லை, கீரை சாப்பிடுங்கள், மாத்திரை போடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பலருக்கு அந்த ஆலோசனையே போதும். சிலருக்குப் போதாது. அவர்கள் உடலில் எங்கோ ஓர் இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கசிவை அடைக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. அப்படிக் கசியக்கூடிய இடங்களில் ஒன்று இரைப்பை. அங்கே வளரும் பாலிப் என்னும் சதை வளர்ச்சியைப் பற்றியும், வயிற்றைக் கிழிக்காமல் அதை அகற்றும் முறையைப் பற்றியும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

கணக்கு ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அன்றாட உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது.

இப்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 2.5 மில்லிகிராம் இரும்பு. வரவு 2, செலவு 2.5. சேமிப்பு மெல்லக் கரைகிறது. ஒரு மாதத்தில் 150 மில்லிலிட்டர் ரத்தம் போய்விடுகிறது. வலி இல்லை, காயம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முகம் வெளுக்கிறது. "வயசாயிடுச்சு" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

கசிவு கூடினால் மலம் கறுப்பாகும். இரைப்பை அமிலமும் குடலில் உள்ள பாக்டீரியாக்களும் ஹீமோகுளோபினை மாற்றிவிடுவதால் சிவப்பு நிறம் போய்க் கறுப்பு வருகிறது. இதற்குக் குறைந்தது 50 மில்லிலிட்டர் அளவிலாவது ரத்தம் கசிந்திருக்க வேண்டும். ஆகவே மலம் கறுக்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நாம் கவனிக்க வேண்டிய ஒரு குழப்பம் இங்கே இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். மாத்திரையால் வரும் கறுப்பு பெரும்பாலும் கரும்பச்சை கலந்தது. மலம் வழக்கமான கட்டியாகவே இருக்கும். நாற்றத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ரத்தத்தால் வரும் கறுப்பு சாலை போடும் தாரைப் போலப் பளபளப்பாக, ஒட்டும் தன்மையுடன், கடுமையான நாற்றத்துடன் இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு ரத்தக் கசிவும் இருந்தால், ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புவதே சரி.

எங்கள் மலையில் ஒருவர்

ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள எங்கள் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளராக இருப்பவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்றுதான் அழைப்போம். அவர் அனுமதியுடன் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கு இரண்டு ஆண்டுகளாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சற்றுத் தேறுவார். நிறுத்தினால் பழையபடி சோர்ந்துவிடுவார். முழங்கால் வலிக்கு அவ்வப்போது கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் அரிசி மூட்டையை நகர்த்தும்போது கண் இருட்டிச் சுவரில் சாய்ந்தார். ஏற்காட்டில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 6.8 கிராம். மலத்தின் நிறத்தைப் பற்றி மருத்துவர் கேட்டதற்கு, "மாத்திரை போட்டா கறுப்பாத்தான் போகும்னு சொன்னாங்க, அதான் கண்டுக்கல" என்றார். எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. மாத்திரை தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கறுப்பு மட்டும் நிற்கவில்லை.

சேலத்துக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றிய பிறகு எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்றதும் அக்கா மறுத்துவிட்டார். "தொண்டைக்குள்ள குழாய விட்டா மூச்சு நின்னு போயிடும் டீச்சர். அப்புறம் வயித்தக் கிழிப்பாங்க. எனக்கு வேண்டாம், மாத்திரையே குடுங்க." இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூட வருபவரின் கூலியையும் விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு இந்தப் பயம் சிறியதல்ல. அங்கிருந்த மருத்துவர் ஒரு காகிதத்தில் தொண்டையை வரைந்து, உணவுக்குழாய் ஒரு பக்கம், மூச்சுக்குழாய் இன்னொரு பக்கம் என்று காட்டினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் பக்கத்தில் நின்று, "இது எங்க அறிவியல் புத்தகத்துலயே இருக்கும்மா" என்றாள். அதன் பிறகுதான் அக்கா தலையசைத்தார்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில், காம்புடன் கூடிய சுமார் 2 சென்டிமீட்டர் பாலிப் ஒன்று இருந்தது. அதன் மேற்பரப்பு சிவந்து, புண்ணாகி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எண்டோஸ்கோப்பி வழியாகவே அதை அகற்றினார்கள். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. நான்கு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.4.

பாலிப் என்பது என்ன?

இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சளிச்சவ்வு ஓரிடத்தில் மட்டும் மிகையாக வளர்ந்து உட்பக்கம் புடைத்து நிற்பதே பாலிப். சில பாலிப்புகள் காளான் போலக் காம்புடன் நிற்கும். சில மேடு போலத் தட்டையாக இருக்கும். வேறு காரணங்களுக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளும் 100 பேரில் 1 முதல் 6 பேருக்கு இரைப்பையில் பாலிப் தென்படுகிறது. பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை.

முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம். முதல் வகை இரைப்பையின் மேற்பகுதியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வளரும் சிறு பாலிப்புகள். அமிலம் குறைக்கும் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுவோரிடம் இவை காணப்படும், பொதுவாகத் தீங்கற்றவை. இரண்டாம் வகை மிகைவளர்ச்சிப் பாலிப்புகள். இரைப்பையில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் இவை தோன்றும். அந்த அழற்சிக்குப் பெரும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இவ்வகைப் பாலிப் பெரிதாகும்போது மேற்பரப்பு புண்ணாகி ரத்தம் கசியும். அக்காவுக்கு இருந்தது இதுதான். மூன்றாம் வகை அடினோமா. காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இருப்பதால் இதைக் கண்டவுடன் அகற்றிவிட வேண்டும்.

கண்ணால் பார்த்து மட்டும் வகையை உறுதிசெய்ய முடியாது. அதனால்தான் அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புகிறார்கள். அந்த அறிக்கையை வாங்காமல் ஊர் திரும்பிவிடுபவர்கள் உண்டு. அது பாதி சிகிச்சைதான்.

ஒளிப் பாடமும் எண்டோஸ்கோப்பும்

1868இல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் நேரான உலோகக் குழாயை ஒருவரின் இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். அதற்கு உடன்பட்டவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர்! சாதாரண மனிதரால் அது இயலாது என்பது சொல்லாமலே விளங்கும். 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் கருவியை உருவாக்கினார். முழுதாக வளையும் கருவி வர, ஒளியையே வளைக்க வேண்டியிருந்தது.

அந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளின் கட்டு வழியாக ஒரு பிம்பத்தை அனுப்ப முடியும் என்று 1954இல் காட்டினார். இழைக்குள் புகும் ஒளி சுவரில் பட்டுப் பட்டு முழு அக எதிரொளிப்பு அடைந்து மறுமுனை வரை செல்கிறது. இதைப் பயன்படுத்தி 1957இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் முதல் இழை எண்டோஸ்கோப்பை உருவாக்கி, முதலில் தன் தொண்டைக்குள்ளேயே செலுத்திச் சோதித்தார்.

இன்றைய கருவி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் சுண்டுவிரலை விட மெல்லிய தடிமனும் உடையது. நுனியில் சிறு கேமரா, விளக்கொளி, காற்றும் நீரும் வரும் துளைகள் ஆகியவை உண்டு. இவற்றுடன் கருவிகளை உள்ளே அனுப்ப 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு பாதை இருக்கிறது. சிகிச்சை முழுவதும் இந்தக் குறுகிய பாதை வழியாகவே நடக்கிறது.

கத்தி இல்லாமல் அகற்றுவது எப்படி?

நோயாளி குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்து தெளிக்கப்படும். தேவைப்பட்டால் தூக்க மருந்தும் தருவார்கள். இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் 5 முதல் 10 நிமிடம் போதும். குமட்டல் வரும், ஏப்பம் வரும். மூச்சு நிற்காது.

ஒருவர் ரத்த வாந்தி எடுத்து வந்தால் முதலில் செய்வது எண்டோஸ்கோப்பி அல்ல. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைச் சீராக்க வேண்டும். தேவையானால் ரத்தம் ஏற்ற வேண்டும். அதன் பிறகு, பொதுவாக 24 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோப்பி செய்யப்படுகிறது.

கசியும் பாலிப்பைக் கண்டதும், பல நேரங்களில் அதன் அடியில் அட்ரினலின் மருந்தை நீர்த்துப்போகச் செய்து ஊசி மூலம் செலுத்துவார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கும். செலுத்திய நீரின் அழுத்தமும் கசிவைக் குறைக்கும். காம்பு தடிமனாக இருந்தால் அதன் அடியில் நைலான் வளையம் மாட்டி இறுக்குவதும் உண்டு. பிறகு மெல்லிய கம்பியால் ஆன சுருக்குக் கண்ணி உள்ளே செல்கிறது. பாலிப்பின் கழுத்தில் கண்ணியை மாட்டி, மெல்ல இறுக்கி, உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். கம்பி தொடும் இடத்தில் திசு சூடாகி வெட்டுப்படுகிறது. வெட்டிய இடத்தின் ரத்தக் குழாய்கள் அதே சூட்டில் அடைபடுகின்றன. வெட்டுவதும் அடைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

"உடம்புக்குள் மின்சாரமா?" என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்கிறது. அது நரம்பையும் தசையையும் தூண்டுவதால் அதிர்ச்சி தருகிறது. இங்கே பயன்படுவது வினாடிக்கு லட்சக்கணக்கான சுழற்சிகள் கொண்டது. அந்த வேகத்துக்கு நரம்பு எதிர்வினை காட்டுவதில்லை. வெப்பம் மட்டும் உண்டாகிறது. தொடையில் ஒட்டிய அகன்ற தகடு வழியாக மின்சாரம் வெளியேறுகிறது. தகட்டின் பரப்பு பெரிது என்பதால் அங்கே சுடாது. கண்ணி தொடும் பரப்பு மிகச் சிறிது என்பதால் அங்கே மட்டும் சுடும். ஊசி முனையும் உள்ளங்கையும் தரும் அழுத்த வேறுபாட்டைப் பாடம் நடத்தியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கம்பிக் கண்ணியால் பாலிப்பை அகற்றும் இம்முறையைப் பெருங்குடலில் 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.

இரைப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே வெட்டிய இடம் மீண்டும் கசியாமலிருக்கச் சிறு உலோகக் கிளிப்புகளை மாட்டுவார்கள். சேலை முந்தானையில் ஊக்குக் குத்துவது போலக் கிளிப் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். புண் ஆறியதும் சில வாரங்களில் தானே விழுந்து மலத்தோடு போய்விடும். இடையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் கிளிப் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பரவலாகக் கசியும் இடங்களுக்கு ஆர்கான் வாயு வழியாக மின்பொறியைச் செலுத்தி மேற்பரப்பை மட்டும் பொசுக்கும் முறையும் உண்டு. மந்த வாயுக்களுக்குப் பயன் கேட்கும் மாணவருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. இதய நோயாளிகளுக்கு அது ஆபத்து.

அகற்றிய பின் சில வாரங்கள் அமிலம் குறைக்கும் மாத்திரை தருவார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தால் அதற்கான மருந்துகளை, பெரும்பாலும் 14 நாள், ஒரு வேளையும் விடாமல் சாப்பிட வேண்டும். கிருமி ஒழிந்தால் மிஞ்சியிருக்கும் சிறு மிகைவளர்ச்சிப் பாலிப்புகள் சுருங்குவதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். கசிவு நின்றாலும் காலியான சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும்.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மீண்டும் ரத்தம் கசியலாம். மிக அரிதாக இரைப்பைச் சுவரில் துளை விழலாம். ரத்த வாந்தி, தார் போன்ற மலம், கடும் வயிற்று வலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மலைக் கிராமங்களில் இரவு நேரப் பயணம் கடினம் என்பதால், சிகிச்சை முடிந்து முதல் சில நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

குழந்தைகளிடம்

குழந்தைகளுக்கு இரைப்பைப் பாலிப் அரிது. ஆனால் 2 முதல் 10 வயதுக்குள், மலக்குடலில் பாலிப் வந்து வலியில்லாமல் சிவப்பு ரத்தம் போவது அவ்வளவு அரிதல்ல. பெரும்பாலும் ஒற்றைப் பாலிப்தான். அதே கண்ணி முறையில் அகற்றிவிடலாம். கழிவறையில் ரத்தம் பார்த்த குழந்தை பயத்தாலும் கூச்சத்தாலும் வீட்டில் சொல்லாது. ஆசிரியரிடம் சொன்னாலும் சொல்லும். உதட்டிலும் வாயின் உட்புறத்திலும் கரும்புள்ளிகள் இருந்து, அடிக்கடி வயிற்று வலியும் ரத்தசோகையும் இருந்தால், குடலில் பல பாலிப்புகளை உண்டாக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம். அரிதானதுதான்; ஆனாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

* ரத்தசோகை என்றதும் பாலிப் என்று பயமுறுத்த வேண்டாம். சத்துக் குறைவு, அதிக மாதவிடாய் ரத்தப்போக்கு, வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழு ஆகியவையே முதலில் பார்க்க வேண்டியவை. தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற பரம்பரைக் காரணங்களும் உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாத அல்லது ஏறி இறங்கும் ஹீமோகுளோபினுக்குக் காரணம் தேட வேண்டும் என்பதே செய்தி. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை வந்தால் தொடக்கத்திலேயே தேட வேண்டும்.
* ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், உயரத்துக்கேற்ப அளவைத் திருத்திப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சமவெளியில் 'பரவாயில்லை' என்று தோன்றும் எண் மலையில் குறைவாக இருக்கலாம். சேர்வராயன் மலை போன்ற பகுதிகளில் பணிபுரிவோர் இதை நினைவில் கொள்ளலாம்.
* மாதவிடாய், மலம் பற்றிய கேள்விகளை இயல்பாகக் கேட்கும் மொழியை வகுப்பறையில் பழக்குங்கள். செரிமான மண்டலப் பாடம் அதற்கு ஏற்ற இடம்.
* வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் சாப்பிடுவது இரைப்பையைப் புண்ணாக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.
* மேல் சிகிச்சைக்குச் செல்பவரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஐயங்களுக்கு 104ஐ அழைக்கலாம்.
* தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பிரியும் படத்தை மாணவர்கள் வரைந்து வீட்டில் பெரியவர்களுக்கு விளக்கட்டும். எண்டோஸ்கோப்பியை மறுப்பவர்களில் பலருடைய பயம் மூச்சு பற்றியதுதான். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு என்று நாம் வரையச் சொல்லும் அதே படம் அந்தப் பயத்தைப் போக்கும்.